பால்கோவா ஆகாது

"இது மூளையா, காலிஃபிளவரா?" என்று கேட்டாள் பாண்டிசெல்வி.

எதிரே உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி நீட்டிய செல்போனில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டின் படம் இருந்தது. நடுவில் இளஞ்சிவப்பாய் ஒரு மூளை. துப்பாக்கி சுடும் இடத்தில் குறி பார்க்க வைப்பார்களே, அந்த வட்ட வட்டமான பலகை அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. நட்ட நடுப்புள்ளியில் ஓர் ஊசி. கீழே, 'நியூரோ டார்கெட் ஆராய்ச்சி மையம், ஸ்ரீவில்லிபுத்தூர். நடுக்குவாதம், வலிப்பு, மறதி – நோயின் டார்கெட்டை அடிப்போம்! நிறுவனர்: டாக்டர் ஞானதுரை.' பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் நீண்டுகொண்டே போய், போர்டில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன.

"காலிஃபிளவர்தான்க்கா," என்றான் ஆசிக். "மூளை இருந்தா இப்படி போர்டு வைப்பானா?"

பாண்டிசெல்வி சிரிக்கவில்லை. அவள் சப்-இன்ஸ்பெக்டர் வேலையை ராஜினாமா செய்ததே, முட்டாள்களுக்கு சல்யூட் அடித்துக் கை வலித்துப்போனதால்தான். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். முட்டாள்கள் இங்கேயும் வருகிறார்கள். ஆனால் இங்கே எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆசிக் முன்பு மெடிக்கல் ரெப். வேலை போன பிறகு இவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். மருந்தைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசி டாக்டர்களைச் சிரிக்க வைத்ததுதான் அவன் வேலை போனதற்குக் காரணம்.

"எங்கப்பா சேதுபதி, மிலிட்டரியில இருந்தவரு. சேத்தூர்ல தோப்பும் வயலுமா இருக்கோம்," என்றாள் மாரீஸ்வரி. மில் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். பேச்சு கணக்காக இருந்தது. "அப்பாவுக்கு நடுக்குவாதம். மதுரை டாக்டர் மாத்திரை குடுத்தாரு. மாசக்கணக்கா தின்னும் கேக்கல. கோவத்துல அம்புட்டையும் கம்மாயில எறிஞ்சிட்டாரு. பொறவு இந்தாள்ட்ட போயி ஒரு பொடி வாங்கினாரு. இப்ப நல்லாவே நடக்காரு."

"நடக்காரா?"

"ஆமாக்கா. அதான் பிரச்சினையே. பொடியோட நின்னா விட்டுருவேன். இன்னைக்கு மத்தியானம் பிடரியில ஊசி போடப் போறானாம். முதுகுத்தண்டு வழியா மூளைக்கே போயி டார்கெட்டை அடிக்குமாம். அப்பா ஒத்தக்கால்ல நிக்காரு. அவன் ஃபிராடுன்னு அப்பா நம்புற மாதிரி ஒரு ஆதாரம் வேணும்க்கா. நான் சொன்னா எடுபடாது."

ஏதோ ஒரு தண்ணீரை எவனோ ஒருவன் ஒரு கிழவரின் பிடரிக்குள் ஏற்றப் போகிறான். தப்பான இடத்தில் இறங்கினால் கை கால் மொத்தமும் போய்விடும். உயிரும் போகலாம். பாண்டிசெல்வி படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"ஏலே, நீ மருந்து வித்தவன்தானே. டார்கெட்ன்னா என்ன?"

"எனக்குத் தெரிஞ்ச டார்கெட், மாசக் கடைசியில மேனேஜர் கழுத்தைப் பிடிக்கிறதுதான். ஆராய்ச்சிக்காரங்க டார்கெட் வேறக்கா. நோய் வந்த மூளையில எந்தப் புரதம் ஆட்டம் போடுது, எதை அடக்கினா நோய் அடங்கும்னு தேடுவாங்க. ஒண்ணு சிக்கினா அதுதான் டார்கெட். அப்பவும் 'இருக்கலாம்'னுதான் எழுதுவாங்க. ஜாதகம் வாங்கி வெச்ச மாதிரி. முதல்ல எலிக்குப் பொருத்தம் பாக்கணும், பொறவு மனுசனுக்கு. முக்காவாசி ஜாதகம் திரும்பி வந்துரும்."

"இவன்?"

"இவன் ஜாதகத்தை வெச்சே வளைகாப்புக்குப் பந்தி போட்டுட்டான்."

*

சேத்தூர் வீட்டில் அவர்கள் யூடியூப் சேனல்காரர்களாக நுழைந்தார்கள். ஆசிக் செல்போனை ஒரு குச்சியில் மாட்டிப் பிடித்துக்கொண்டான். அது போதும். குச்சியில் மாட்டிய செல்போனுக்கு முன்னால் இந்தக் காலத்தில் எவரும் எதையும் மறைப்பதில்லை.

சேதுபதி முறுக்கிய மீசையும் வெள்ளை பனியனுமாக முற்றத்தில் நடந்து காட்டினார். மார்ச் பாஸ்ட் மாதிரியே திரும்பினார். இடது கையில் லேசான நடுக்கம் மிச்சமிருந்தது. அதை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார்.

"டார்கெட் தெரியாம சுட்டா தோட்டா வேஸ்ட்டு," என்றார் கேமராவைப் பார்த்து. "மதுரைக்காரரு கண்ணைக் கட்டிக்கிட்டு சுட்டாரு. இந்த டாக்டரு படத்துலயே டார்கெட்டக் காட்டிட்டாரு. நான் பட்டாளத்துல குறி தப்பாதவன். எனக்கு அது போதும்."

துப்பாக்கி பிடித்த மனுசன், ஒரு வட்டம் வரைந்த படத்தைப் பார்த்து விழுந்திருக்கிறார். பாண்டிசெல்விக்கு எரிச்சல்தான் வந்தது.

"பத்தியம் உண்டுங்களா ஐயா?"

"இல்லாமயா? கத்திரிக்கா, பாகக்கா, கருவாடு அம்புட்டும் திங்கலாம். பால் சாமான் மட்டும் கூடாது. முக்கியமா பால்கோவா ஆகாது."

"மதுரை டாக்டர் பத்தியம் எதுவும் சொல்லலையா?"

"அவரும் ஒரு தடவ சொன்னாரு, பால்கோவா ஆகாதுன்னு. நான் மாத்திரைய பால்கோவாவுல உருட்டித்தான் முழுங்குவேன். கசப்புல்லா? பால்கோவா ஆகாதுன்னு சொல்லுதவன் எல்லாம் டாக்டரான்னு வந்துட்டேன்."

"இவரும் அதையேதானே சொல்றாரு?"

சேதுபதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது அறிவுரை. இது பத்தியம்."

அவர் மனைவி வெள்ளத்தாய் தட்டில் காப்பி கொண்டுவந்தாள். இரண்டு டம்ளரில் பால் காப்பி. மூன்றாவது டம்ளரில் கருப்பட்டிக் கடுங்காப்பி. பால் பிடிக்காத ஆசிக் மூன்றாவதை நோக்கிக் கையை நீட்டினான். வெள்ளத்தாய் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அது அவியளுக்கு!"

"ஒரு மடக்குதான் ஆச்சி..."

"ஒரு மடக்கும் கெடையாது. ஒனக்கு வேற போட்டுத் தாரேன்."

"யூடியூப்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்கா?" என்று ஆசிக் செல்போனிடமே முறையிட்டான்.

சேதுபதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கல்யாணம் ஆன நாள்லருந்து போடுதா. இப்பத்தான் ரொம்ப மோசம். ஒரே கசப்பு."

"பால் இல்லாத காப்பி கசக்கத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு வெள்ளத்தாய் உள்ளே போனாள்.

"பொடி எடுத்த பொறவு ஒருநாளும் முடங்கலையா?" என்று பாண்டிசெல்வி கேட்டாள்.

"ஒரே ஒருநாள். அமாவாசை அன்னைக்கு. வேளாவேளைக்குப் பொடி தின்னேன், ஆனா கட்டிலை விட்டு எந்திரிக்க முடியல. டாக்டருக்குப் போன் போட்டேன். அமாவாசையில டார்கெட் கொஞ்சம் நகருமாம். ஊசி போட்டாத்தான் ஒரே எடத்துல நிக்குமாம். இவளும் அன்னைக்கு வீட்டுல இல்ல. தளவாய்புரத்துல ஒரு சாவு, துட்டி கேக்கப் போயிட்டா. பக்கத்து வீட்டுப் பொம்பள வந்து காப்பி போட்டுத் தந்தா. இந்த ரெண்டு மாசத்துல அன்னைக்கு ஒருநாள்தான் வாய்க்கு ருசியா காப்பி குடிச்சேன். கால்தான் வரல."

சந்திரனுக்குப் பயந்து மூளைக்குள் ஒளிகிற டார்கெட்! இதையும் ஒருவன் சொல்லி, இதையும் ஒருவர் நம்பி, நடுவில் ஒரு பெண் காப்பி ஆற்றுகிறாள். பாண்டிசெல்வி மரியாதைக்குக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

*

ராஜபாளையத்தில் வேறொரு வேலையை முடித்துவிட்டு மத்தியானம் ஊரைத் தாண்டும்போது அவள் பைக்கை நிறுத்தச் சொன்னாள்.

"ஏலே, ஒரு நாட்டு வைத்தியன் பத்தியம் சொன்னா முதல்ல எதைத் தள்ளுவான்?"

"கத்திரிக்கா. கருவாடு. பாகக்கா. மருந்தை முறிச்சிரும்பாங்க."

"இவன் அது மூணையும் விட்டுட்டுப் பால்கோவாவை மட்டும் பிடிச்சிருக்கான். எந்த மருந்துக்குப் பால்கோவா ஆகாது?"

ஆசிக் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அக்கா! நடுக்குவாதத்துக்கு மதுரையில குடுத்த அதே மாத்திரைக்குத்தான். நானே வித்திருக்கேன். அந்த மருந்தும் புரதச் சத்தும் உடம்புக்குள்ள ஒரே வாசல் வழியா நுழையணும். பால்கோவா முன்னால போனா, கல்யாண வீட்டுப் பந்தியில மாமன்மாரு உக்காந்த மாதிரி. எந்திரிக்கவே மாட்டாங்க. மாத்திரை வெளிய நின்னு பசியோட திரும்பிரும்."

"அதான் மதுரை மாத்திரை வேலை செய்யலை. அந்த மனுசன் பால்கோவாவுக்குள்ளயே வெச்சு முழுங்கியிருக்காரு. இப்ப அதே மாத்திரையை இடிச்சுப் பொடியில கலந்து, பால்கோவாவை நிறுத்திட்டு, டார்கெட்டை அடிச்சேன்னு போர்டு வெச்சிருக்கான் ஞானதுரை."

"பிரமாதம்க்கா. பத்தியத்தை வெச்சே ஆளைப் பிடிச்சிட்டீங்க."

பிரமாதம்தான் என்று அவளுக்கும் தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை, ஞானதுரையின் முகம் எப்படி வெளிறப் போகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தாள்.

*

ஆராய்ச்சி மையம் முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்த இடம். பிரதி எடுக்கும் மிஷின் நின்ற மூலையில் இப்போது ஒரு பிளாஸ்டிக் மூளை இருந்தது. வாசலில் தொடங்கித் தெருவரை ஆட்கள். நடுங்குகிறவர்கள், இழுத்து இழுத்து நடக்கிறவர்கள், எதுவும் நினைவில்லாமல் சிரிக்கிறவர்கள், அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஞானதுரை மைக்கில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மைக் சத்தம் தெருவில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் அதிர்ந்தது.

ஐம்பது வயது ஆள். இந்த வெயிலில் நீலக் கோட். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தலைகீழாக மாட்டியிருந்தான். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கம் தொங்கியது. ஆசிக் அதன் கிட்டே போய்ப் படித்தான்.

"அக்கா, நரம்பு நோய்க்கு இதெல்லாம் டார்கெட்டா இருக்கலாம்னு போட்டிருக்கு. யாருக்குன்னு பாத்தீங்களா? எலிக்கு. தலைப்புலயே எலின்னு இருக்கு."

"எலிதான இங்க வரிசையில நிக்குது," என்றாள் அவள்.

உள்ளே ஸ்டூலில் சேதுபதி சட்டையின் கழுத்துப் பட்டையை மடித்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளத்தாய். மாரீஸ்வரி வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஞானதுரை மேஜையில் மைக்கை வைத்துவிட்டு ஊசியை எடுத்தான். மைக்கை அணைக்க மறந்துவிட்டான்.

பாண்டிசெல்வி அந்த மேஜைக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஞானதுரை, உன் பொடியை ஆய்வுக்கு அனுப்பப் போறேன். உள்ள இங்கிலீஷ் மாத்திரையை இடிச்சுக் கலந்திருக்கே. அளவு தெரியாமக் கலந்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு கேஸ். வெளிய நிக்கற கூட்டத்தைப் பார்த்துக்கோ. வெளிய வரவே மாட்டே."

அவன் முகம் வெளிறியது. அவள் எதிர்பார்த்ததைவிட அழகாகவே வெளிறியது.

"ஐயோ, மாத்திரையா?" என்றான். "யம்மா, அந்தப் பாவத்தை எல்லாம் நான் பண்ணுவனா? மாத்திரை விக்கிற வெலைக்கு எனக்குக் கட்டுமா? சத்தியமாச் சொல்லுதேன், அதுல ஒண்ணுமே இல்ல!"

'ஒண்ணுமே இல்ல' என்று தெருவெல்லாம் ஸ்பீக்கர் அலறியது.

"பொட்டுக்கடலை, சுக்கு, கலருக்குக் கொஞ்சம் மஞ்சள். நீங்களே பாருங்க." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டு, ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்று காட்டினான். "நானே மத்தியானம் இதைத்தான் சர்க்கரை போட்டுத் திங்கேன். ஊசியிலயும் வெறும் உப்புத்தண்ணிதாம்மா. கலப்படம்னு மட்டும் கேஸ் போட்டுராதீங்க!"

ஆசிக் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். "பொரிகடலை மாவுக்கா. உருண்டை பிடிக்கலாம்."

பாண்டிசெல்விக்குக் காது சூடானது. வாழ்நாள் முழுக்க எல்லோரையும் குறைத்தே எடை போட்டவள், இன்று முதல் தடவையாக ஒருவனைக் கூட்டி எடை போட்டுவிட்டாள். மாத்திரையை இடித்துக் கலக்கும் அளவுக்கு அவனுக்கு மூளை இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

"அப்ப பால்கோவா ஆகாதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

ஞானதுரை சேதுபதியைக் கை காட்டினான். "இவருதான். முதல்நாள் வந்தப்ப, மதுரை டாக்டர் பால்கோவா ஆகாதுன்னாருன்னு திட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்கும் ஒரு பத்தியம் வேணும்ல? கேக்க நல்லா இருந்துச்சு. எல்லாருக்கும் அதையே போட்டுட்டேன்."

தன்னைத் தானே நம்பாத ஒரு திருடன், அடுத்தவன் அறிவுரையைத் திருடி, அதைத் திரும்ப அதே ஆளுக்கு விற்றிருக்கிறான். அதுகூடத் தெரியாமல் விற்றிருக்கிறான்.

சேதுபதி மெல்ல நிமிர்ந்தார். ஸ்பீக்கரில் எல்லாமே கேட்டிருந்தது. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"அப்ப நான் நடந்தது?" என்றார். "அது பொய்யா? கட்டில்ல கெடந்தவன் முற்றத்துல நடந்தேனே. ஒண்ணுமில்லாததுக்கா கால் வந்துச்சு?" அவர் திரும்பவும் குனிந்து பிடரியைக் காட்டினார். "உப்புத்தண்ணியோ என்னவோ, போடுய்யா. எனக்கு மறுபடி கெடக்க முடியாது."

ஞானதுரை ஊசியைத் திரும்பவும் கையில் எடுத்தான். கொஞ்சமும் வெட்கமில்லாமல் எடுத்தான். பாண்டிசெல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். ஊசி விழுந்தது. காக்கி போனாலும் அந்தப் பிடி போகவில்லை.

அப்போதுதான் அவள் சேதுபதியின் இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் உருள ஆரம்பித்திருந்தது. காலையில் வேட்டி மடிப்பில் மறைந்த நடுக்கம், இப்போது முழங்கை வரை ஏறியிருந்தது.

"ஐயா, மத்தியானப் பொடி தின்னீங்களா?"

"இங்கயே தின்னேன். இந்தாளே வாயில போட்டான்."

"காப்பி?"

"வரிசையில உக்காந்தவனுக்கு எங்கருந்து காப்பி?"

கசக்கிற காப்பி. ஒரு மடக்குகூட வேறு யாருக்கும் தராத காப்பி. பக்கத்து வீட்டுக்காரி போட்டபோது மட்டும் ருசித்த காப்பி. அன்று மட்டும் வராத கால். அமாவாசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலையிலேயே இவ்வளவும் அவள் காதில் விழுந்தது. அவள் மரியாதைக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

பாண்டிசெல்வி வெள்ளத்தாய் பக்கம் திரும்பினாள். குரல் தானாகவே இறங்கியது.

"அம்மா, அவிய காப்பியில என்ன போடுதீய?"

வெள்ளத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருந்தது.

"கம்மாயில எறிஞ்ச அன்னைக்கே ராஜபாளையத்துல போயி வேற வாங்கிட்டேன். நேராக் குடுத்தா தின்ன மாட்டாக. மதுரையில எழுதின மாதிரியே வேளைக்கு ஒண்ணு, பொடிச்சுக் காப்பியில போட்டேன்."

"அப்ப பொடி கேக்கலை, மாத்திரைதான் கேக்குதுன்னு தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? ரெண்டுல ஏதோ ஒண்ணு கேக்குது, நடக்காக, அது போதும்னு இருந்தேன். அந்தாளுதான் நடக்க வச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லும்போது அவிய மொகத்துல ஒரு தெளிச்சி. அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன். ஆனா ஊசின்ன ஒடனே ஈரக்கொல நடுங்கிப்போச்சு. ராஜபாளையத்துல ஒரு பொம்பள துப்புத் துலக்குதாம், போயிப் பாருட்டின்னு மககிட்ட நாந்தான் சொன்னேன்."

மாரீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசலில் ஆசிக் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். அவனை இடித்துக்கொண்டு ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"டாக்டர், அப்ப எங்க டோக்கனுக்கு ஊசி எப்ப?"

"உங்களுக்கு எலி டாக்டர்தான் வரணும்," என்று ஆசிக் அவனை வெளியே தள்ளினான்.

சேதுபதி எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. நிற்பதை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் காப்பியைத் திட்டி வந்த மனுசன்.

"நாளைக்கு ரெண்டு பேரும் மதுரைக்குப் போங்க," என்றாள் பாண்டிசெல்வி. "எம்புட்டு போடணும், எப்பப் போடணும்னு அவரைக் கேட்டுக்கிடுங்க. பால்கோவா கதையையும் சொல்லுங்க."

சேதுபதி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. நடுங்குகிற உள்ளங்கையை வெள்ளத்தாய் பக்கம் நீட்டினார்.

"ஏட்டி," என்றார், "இனி காப்பியில போடாத. கையில குடு."

அவள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவர் கையில் வைத்தாள். நடுக்கத்தில் அது உருண்டு கீழே விழப் பார்த்தது. அவள் தன் கையையும் அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.